சுழியோடியின் உடலில் தங்கும் வாயு: அவசரத்தின் விலை என்ன?

கிழக்குக் கடல் அமைதியடையும் மாதங்களில் சுழியோடிகளுக்கு ஓய்வில்லை. நாவற்குடா, கல்லடிக் கரைக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் பயிற்சியோடும் வழிகாட்டியோடும் இறங்குகின்றனர். கிழக்கின் மீனவ இளைஞர்களோ கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் இறங்குகின்றனர். இரு தரப்பினரின் உடலிலும் நடப்பது ஒன்றுதான்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைதரசன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல 4 மடங்காகிறது. அப்போது நைதரசன் இரத்தத்திலும் நரம்பிலும் கொழுப்பிலும் கரைகிறது. மேலே வரும்போது அது இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து மூச்சோடு வெளியேற வேண்டும். கரைக்கு வந்த பின்னரும் இது பல மணி நேரம் தொடரும். கொழுப்பில் கரைந்த வாயு வெளியேறத்தான் அதிக நேரம் எடுக்கும்.

அவசரமாக மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல உடலுக்குள்ளேயே குமிழிகள் உருவாகின்றன. மூட்டுவலியும் மரமரப்பும் தோன்றலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டால் கால்கள் செயலிழக்கலாம். இதைக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுவதும், குணமாகும் என்று மீண்டும் நீரில் இறங்குவதும் பேராபத்து. உடனே தூய ஒட்சிசன் கொடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சைக்கு திருகோணமலைக் கடற்படைத் தளம் வரை செல்ல நேரலாம். மட்டக்களப்பிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கும் அப்பால்.

நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவது, 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரிப்பது, அடுத்த முறை இறங்குவதற்கு முன் போதிய இடைவெளி விடுவது ஆகியன அடிப்படைப் பாதுகாப்பு முறைகள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை, நேரம்தான் தேவை. ஆனால் பிடித்த அளவுக்கே வருமானம் என்றிருக்கும்போது, காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமாகவே தெரியும். எனவே சுழியோடியை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

கடலட்டைக்குச் சுழியோட அனுமதிப்பத்திரம் அவசியம். அதனோடு பயிற்சியும் படகில் ஒட்சிசனும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் எத்தனை தடவை இறங்கலாம் என்பதைப் படகு உரிமையாளரும் மீனவர் சங்கமும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கடலட்டையின் இலாபம் பலருக்குப் போகிறது. செயலிழந்த கால்களின் சுமையோ ஒரு குடும்பத்தின் மீது மட்டுமே விழுகிறது.