இலவு காக்கும் கிளிகளா நாம்?

வருசநாட்டு மலையடிவாரத்தில் இலவ மரங்கள் மிகுதி. காய் கனியும், உண்ணலாம் என்று காத்திருந்த கிளி, காய் வெடித்துப் பஞ்சு பறந்தபோது ஏமாந்து நின்ற கதையை நம் முன்னோர் பழமொழியாக்கித் தந்தனர். அம்மரங்களின் நிழலிலேயே வாழும் நம்மவர் சிலர், பழமொழியை நாவில் வைத்துக்கொண்டு, வாழ்வில் அந்தக் கிளியாகவே ஆகிவருகின்றனர். இவர்கள் காத்திருப்பது கனிக்காக அன்று. பெற்ற பிள்ளையின் பேச்சுக்காக!

இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. விளையாட்டு வண்டியை ஓட்டாமல், கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. மிக்ஸியின் ஓசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. ஏதோ வேறுபாடு இருக்கிறது என்பதை முதலில் உணர்பவள் தாய். அவள் வாய் திறந்தால் வீட்டார் கூறும் விடை என்ன? "இவன் அத்தா நாலு வயதில்தான் பேசினான். பொறுத்திரு!"

பொறுக்கிறாள். மூன்று வயதில் தாயத்து. மூன்றரையில் ஓதிய தண்ணீர். நான்கில் தர்காவில் தங்கல். ஐந்தில் பழி: "கர்ப்பகாலத்தில் இவள் பேணுதலாக இருக்கவில்லை, கண்ணேறு கழிக்கவில்லை, இவள் வழியில்தான் இந்தக் குறை வந்தது." ஆறில் பள்ளிக்கூடம் கைவிரிக்கிறது. மூளை மிக விரைவாக வளைந்து கொடுத்து வளர்கின்ற பருவம், பஞ்சாகப் பறந்து போய்விட்டது. இதற்குப் பொறுமை என்று பெயரிடலாமா? திருமறை போற்றும் 'ஸப்ர்', கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா?

பெயரிலேயே பிழை

ஆட்டிசம் என்னும் இந்நிலையை 'புற உலகச் சிந்தனையற்ற' நிலை என்று அரசின் ஏடுகள் குறித்து வந்துள்ளன. பெயரே பிழையானது. இக்குழந்தைகளுட் பலர்க்குப் புற உலகம் தோன்றாமல் இல்லை. தாங்கவொண்ணா அளவுக்கு அது வந்து மோதுகிறது. நமக்குச் சாதாரணமான ஒலிபெருக்கி அவர்கட்கு இடியாகிறது. புத்தாடையின் தையல் முள்ளாகிறது. அத்தகைய மோதலிலிருந்து தப்பிக்கவே, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து அமைதி தேடுகின்றனர். அதனை 'ஜின்னின் வேலை' என்பதும், 'பிடிவாதம்' என்று அடிப்பதும் அறியாமையன்றி வேறென்ன?

1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்து எழுதினார். அதன் பின்னர் மேனாட்டு அறிஞர் சிலரும் தாயையே பழித்தனர். அன்பில்லாத அன்னையரால்தான் பிள்ளைகள் இவ்வாறாயினர் என்றனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் இக்கருத்தை நூலாகவே எழுதிப் பரப்பினார். ஆட்டிசக் குழந்தையொன்றின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்டு அதற்கு முன்பே, 1964இல், இஃது உடற்கூறு சார்ந்தது எனத் தக்க சான்றுகளுடன் எழுதியிருந்தார். 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு, பிறப்பியல்பின் பங்கு பெரிதென நிறுவியது. ஆக, அறிவுலகம் தாய்க்கு இழைத்த அநீதியை உணர்ந்து திருத்திக்கொண்டது. நம் வீட்டுக் கூடங்கள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை!

இஃது ஏதோ அபூர்வமான ஒன்றிரண்டு வீடுகளின் துயரம் என்று எண்ணிவிட வேண்டா. இந்தியாவின் ஐந்து இடங்களில் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வொன்று, 2 முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 9.2 பேரிடமும், 6 முதல் 9 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 13.6 பேரிடமும், காது, கண், வலிப்பு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலிய வளர்ச்சிசார் நிலைகள் ஒன்பதனுள் ஒன்றேனும் இருந்ததாகக் கூறுகிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் இக்குழந்தைகள் இருக்கின்றனர். நாம் காணாததற்குக் காரணம், அவர்கள் கதவுக்குப் பின்னால் இருப்பதே.

பயிற்சி என்ன செய்கிறது?

"மருந்தில்லை, ஊசியில்லை, பொம்மையை வைத்து விளையாடுவதற்கு ஒரு சிகிச்சையா?" என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்கள் சற்றுச் செவி சாய்க்க வேண்டும்.

ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. நீக்குவதாக விளம்பரம் செய்வோர் பெற்றோரின் கண்ணீரை விலைபேசும் வணிகர்கள். பயிற்சியின் நோக்கம் பிள்ளையை வேறொரு பிள்ளையாக மாற்றுவதன்று; அந்தப் பிள்ளை தன் இயல்போடு வாழக் கற்பதற்கும், அதனை நாம் புரிந்துகொள்ளக் கற்பதற்கும் வழி காண்பதாகும்.

முதலில் செவித்திறனைச் சோதிப்பர்; கேளாமையால் பேசாதிருக்கும் பிள்ளையை வேறாகப் பிரித்தறிவர். பின்னர்ப் பேச்சுப் பயிற்சி. அதன் தொடக்கம் பேச்சன்று, பரிமாற்றம். பிள்ளை சக்கரத்தைச் சுழற்றினால், பயிற்சியாளரும் தரையில் அமர்ந்து சுழற்றுவார். பிறகு நிறுத்திக் காத்திருப்பார். 'இன்னும் சுழற்று' என்று பிள்ளை ஒரு பார்வை பார்த்தால், ஒரு விரல் தொட்டால், அதுவே முதற்சொல். சொல் வராத பிள்ளைக்குப் படங்களைக் கொடுப்பர். தண்ணீர்ப் படத்தை எடுத்துத் தாயிடம் நீட்டக் கற்ற பிள்ளை, தண்ணீருக்காகத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டிய தேவை குறைகிறது. படத்தைப் பழக்கினால் பேச்சு வராமற் போகும் என்னும் அச்சத்துக்கும் ஆதாரமில்லை.

அடுத்தது, அன்றாடச் செயல்களைப் பழக்கும் பயிற்சி. பொத்தான் மாட்டுதல், சோற்றைப் பிசைந்து உண்ணுதல், கழிப்பறை செல்லுதல் ஆகிய ஒவ்வொன்றையும் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பர். அடுத்து என்ன நேரும் என்பது தெரியாமையே இப்பிள்ளைகளின் பெருங்கலக்கம். எனவே நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டுவர். ஒளூச் செய்யும் முறையைக்கூட இவ்வாறே படிப்படியாகப் படம் வைத்துப் பழக்கலாமே! ஒழுங்கையும் வரிசையையும் விரும்பும் பிள்ளைக்கு, ஒழுங்கே உருவான தொழுகை அந்நியமாகவா இருக்கும்?

பயன் குழந்தைக்கு மட்டுமன்று. ஏன் அழுகிறான் என்று அறியாத தாய் நாள்தோறும் தோற்கிறாள். அறிந்த தாய் தலைநிமிர்கிறாள். அடித்த கை அணைக்கக் கற்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருமணங்களுக்குச் செல்லாதிருந்த குடும்பம் மீண்டும் உறவுக்குள் வருகிறது.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வொன்றில், பெரும்பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளரே பெற்றோர்க்கு வழிகாட்டினர். பெற்றோர் தம் பிள்ளையின் போக்கறிந்து துலங்குவது பெருகியது. பிள்ளைகள் தாமாகவே தொடர்புகொள்ள முன்வருவதும் மிகுந்தது. நகரத்துச் செல்வர்க்கே உரியது இந்தச் சிகிச்சை என்பாரின் வாயை அடைக்க இஃதொன்று போதாதா?

மார்க்கத்தின் பெயரால்...

"அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய இயலும்?" என்பது அடுத்த தடை. அல்லாஹ்வின் நாட்டமின்றி அணுவும் அசையாது, ஐயமில்லை. ஆயின், ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விட்டுவிடலாமா என்று வினவியவரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு பணித்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அல்லரோ? துஆவை நாம் குறை கூறவில்லை. கட்டுவதற்குக் கயிறு கையிலிருந்தும் கட்ட மறுக்கும் சோம்பலையே கண்டிக்கிறோம்.

கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டுத் திருமறையில் 'அபஸ' அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. அவர்களை மூலையில் அமர்த்தவில்லை அன்றைய சமுதாயம். மதீனாவில் பாங்கொலிக்கும் பணியை அளித்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது தமக்குப் பகரமாகவும் நியமித்தார்கள். குழந்தையின் அழுகை கேட்டுத் தொழுகையையே சுருக்கியவர்கள் அவர்கள். நம் பள்ளிவாசல்களிலோ, ஓசை எழுப்பும் பிள்ளையின் தந்தையை நோக்கிப் பத்துத் தலைகள் திரும்புகின்றன! அறிவு எட்டாதவர்க்குக் கடமையிலிருந்து மார்க்கம் விலக்களித்தது. உரிமையிலிருந்து எவரையும் விலக்கவில்லை.

1488இல் இரண்டாம் பாயஸீது சுல்தான் எடிர்னே நகரில் கட்டிய மருத்துவமனையில், மனம் கலங்கியோர்க்கு இசையாலும் ஓடும் நீரின் ஒலியாலும் ஆறுதல் அளித்தனர். அந்த மரபின் வாரிசுகளாகிய நாம் பின்னர் எதைக் கண்டோம்? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 உயிர்கள் ஓடவும் வழியின்றிக் கருகின. உச்சநீதிமன்றம் அதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்தது. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துஆவும் இணைந்து நடக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு, இரண்டையும் குழப்பவில்லை. ஆனால் 'கொண்டுபோய் விட்டுவிடு, கட்டி வை, காத்திரு' என்னும் மனப்போக்கு ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் சங்கிலி இரும்பினாலானது. வீட்டுக்குள் இருக்கும் சங்கிலி வெட்கத்தினாலானது.

செய்ய வேண்டியன

வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு கடந்து, கண்டமனூர் விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறும் கூலித்தாய்க்கு ஒரு நாட்கூலி போய்விடுகிறது. வாரந்தோறும் அவளால் இயலுமா? இயலாது. ஆகவே சிகிச்சை அவளைத் தேடி வரவேண்டும். வரமுடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், விபத்தால் கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளரை வீடுதோறும் அனுப்பிச் சிறார்க்கு ஆரம்பநிலைச் சிகிச்சை அளித்து வருகிறது. ஆய்க்குடியில் நடப்பது வருசநாட்டில் ஏன் நடவாது?

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்வழி வந்த 'நிராமயா' காப்பீடு, சிகிச்சைப் பயிற்சி உட்பட ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. அந்நாளில் பிள்ளையை ஒளித்து வைப்பவர்க்குச் சட்டம் என்ன உதவும்?

ஜமாஅத்துப் பெரியோர்களே! 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியைக் கண்ட பள்ளத்தாக்கு இது. கல்லூரி கண்ட கரங்களுக்கு ஒரு பயிற்சியாளரைப் பணியமர்த்துவது பெருஞ்செயலா? மினாராவுக்கு வண்ணம் பூசும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை மதரஸாவின் ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். ஏழைப் பெற்றோரின் பயணச் செலவைப் பைத்துல்மால் ஏற்கட்டும்.

ஆலிம் பெருமக்களே! ஓதிப் பார்க்க வரும் தாயிடம், ஓதியபின் மருத்துவரிடம் செல்லுமாறு நீங்கள் கூறும் ஒரு சொல், நாங்கள் எழுதும் நூறு கட்டுரைகளுக்கு மேல். அலிஃபையும் லாமையும் மாற்றிப் படிக்கும் மாணவனின் முதுகில் பிரம்பு விழுமுன், அவன் கற்றல் குறைபாடு உடையவனா என்று எண்ணிப் பாருங்கள்.

தந்தையரே! சிகிச்சைக்குச் செல்வது தாயின் வேலை என்று ஒதுங்காதீர்கள். ஒன்றரை வயதில் விரல் சுட்டவில்லையா? இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையா? வந்த பேச்சு நின்றுபோயிற்றா? ஒரு திங்களும் காத்திராதீர்கள். "ஊசி போட்டதால் வந்தது" என்னும் புரளியையும் நம்பாதீர்கள். அதனைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட ஏடே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வருசநாட்டில் பிறக்கும் மூல வைகை கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும். வறண்ட ஆறு என்று எவரும் விட்டுவிடுவதில்லை. கையால் மணலைத் தோண்டுவர், ஊற்று கசியும். பேசாத பிள்ளையும் அத்தகைய ஆறே. மேலே மணல்; உள்ளே நீர். தோண்டுவார் இன்றித் தானே பொங்கிவரும் எனக் கரையில் அமர்ந்திருப்போமாயின், நாளை மறுமையில், அமானிதமாக அளிக்கப்பெற்ற அந்தப் பிள்ளையைப் பற்றி வினவப்படும்போது நாம் என்ன விடை கூறப் போகிறோம்?