பருந்துக்குக் கைதட்டுகிறவர்களுக்கு

'ஆல் தட் ப்ரீத்ஸ்' பார்த்து அழுதேன் என்று எழுதாத இலக்கிய நண்பர் எனக்கு இல்லை. நானும் அழுதேன். தில்லி வஜீராபாத்தில் நதீம், சவூத் என்ற சகோதரர்கள் மாஞ்சா நூல் அறுத்த பருந்துகளுக்கு வைத்தியம் பார்ப்பதைச் சொல்லும் ஷௌனக் சென்னின் ஆவணப்படம். 2022இல் சன்டான்ஸிலும் கானிலும் பரிசு. சரி, அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. 'கவித்துவம்' என்றார்கள், 'தியானம்' என்றார்கள். நூலைப் பற்றி யாரும் வாயே திறக்கலை.

எனக்கு நூலைத் தெரியும். நான் வடசென்னைக்காரன். சின்ன வயசுல ட்யூப்லைட்டை இடித்து, துணியில் சலித்து, வஜ்ரம் காய்ச்சி நூலில் ஏற்றியிருக்கிறேன். டீலில் அறுத்தால் தெருவே கத்தும். அறுந்த நூல் எந்த மரத்தில் தொங்குதுன்னு ஒருத்தனும் கேட்டதில்லை, நான் உட்பட.

பருந்தின் இறக்கையில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை முன்விளிம்பாக ஒரு தோல்மடிப்பு. அதற்குள் ஓடும் தசைநாண்தான் இறக்கையை விறைப்பாக விரித்துப் பிடிக்கிறது. பறந்து வந்து நூலில் மோதும்போது முதலில் மாட்டுவதும் அந்த விளிம்புதான். உதற உதற, நூல் ரம்பமாக அறுக்கும். தோலைத் தைத்துவிடலாம். தசைநாண் அடியோடு போய்விட்டால் பருந்து உயிரோடிருக்கும், பெரும்பாலும் பறக்காது. அட்டைப்பெட்டியில் அதை உட்காரவைத்து, பாலும் சோறும் நீட்டி (கறி தின்கிற பறவைங்க அது!), 'காப்பாத்திட்டோம்' என்று ரீல்ஸ் போடுகிறோம்.

அந்தச் சகோதரர்கள் தாங்களே தைக்க இறங்கியதுக்குக் காரணமே, அசைவப் பறவை என்று ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்பியதுதான். இந்த நாட்டில் பருந்துக்கும் ஆசாரம் பார்ப்பார்கள்.

'காத்தாடி ஏழைப் பிள்ளைகளின் ஆட்டம், தடை மேட்டுக்குடிப் புத்தி' என்கிறார் ஒரு தோழர். தோழர், காத்தாடி வேண்டாம்னு யார் சொன்னா? வெறும் பருத்தி நூலிலும் அது பறக்கும். பைக்கின் முன்னால் உட்கார்ந்துபோன குழந்தைகளின் கழுத்தையும் இதே மாஞ்சா இதே ஊரில் அறுத்திருக்கிறது, அவர்களெல்லாம் மேட்டுக்குடியா? தில்லியில் 2017லேயே நைலான் நூலோடு கண்ணாடி தடவிய பருத்தி நூலுக்கும் சேர்த்துத் தடை வந்தது. ஆனாலும் ஆகஸ்ட் 15 வந்தால் அந்தச் சகோதரர்களின் வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் பருந்துகள் வருகின்றன. பரிசு வாங்கிய படத்தால் ஒரு கடையின் லொட்டாய்கூட காலியாகவில்லை.

போன மாசம் அக்கா பையன் மொட்டை மாடியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். தொட்டேன், விரல் கீறிவிட்டது. "ஆன்லைன்ல வாங்கினது மாமா" என்றான் பெருமையாக. பிடுங்கி, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கினேன். அவன் இன்னும் என்னோடு பேசலை. அக்காவும்தான்.