பில்லும் பன்னிரண்டு கூடைகளும்



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பமாக உணவகத்திற்குச் செல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அதை நான் குறை கூறமாட்டேன். வாரம் முழுவதும் அடுப்படியில் நிற்பவர்களுக்கு ஒரு வேளையாவது ஓய்வு வேண்டும். போதகர் வீட்டு அம்மாவுக்கும்தான். ஆயினும் மாதக் கடைசியில் பள்ளிக் கட்டணத்திற்குத் தவிக்கும் வீடுகளில் கணக்கை எழுதிப் பார்த்தால், அந்த நான்கு மதியவேளைகள் கணிசமான தொகையை விழுங்கியிருக்கின்றன.

செலவு பெருகுவது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில். பசியோடு அமர்ந்து, சூப், ஸ்டார்ட்டர், குளிர்பானம் என ஆளுக்கொன்று சொல்லிவிடுகிறோம். பிரியாணி வரும்போது பாதி வயிறு நிறைந்திருக்கும். ஐவருக்கு மூன்று பிரியாணி வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். போதாவிட்டால் இன்னொன்று கேட்கலாம். பாட்டில் தண்ணீருக்குப் பதில் சாதாரணத் தண்ணீர் போதும் என்று கூச்சமின்றிச் சொல்லுங்கள். மீந்ததைப் பார்சல் கட்டித் தரக் கேட்பதிலும் வெட்கமில்லை. ஐயாயிரம் பேரைப் போஷித்த நம் ஆண்டவர், மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னதை யோவான் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஐந்து அப்பங்களைப் பெருகச் செய்தவருக்கு மீதியைப் பற்றி என்ன கவலை? இருந்தும் பன்னிரண்டு கூடைகள் நிரப்பப்பட்டன.

பில்லையும் வாசியுங்கள். பெரும்பாலான உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அது அரசுக்குச் சேரவேண்டிய வரி. சேவைக் கட்டணம் வேறு. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாதென்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆகவே நீக்கச் சொல்வது நம் உரிமை.

அந்த உரிமையை நானும் ஒருமுறை பயன்படுத்தினேன். 1,400 ரூபாய்க்குச் சாப்பிட்டிருந்தோம். சேவைக் கட்டணம் 140. மேலாளர் மறுபேச்சின்றி நீக்கினார். சட்டம் அறிந்தவன் என்ற பெருமிதத்தோடு எழுந்தேன். பலமுறை தண்ணீர் நிரப்பி, என் பேரன் கொட்டிய சாம்பாரை முகஞ்சுளிக்காமல் துடைத்த இளைஞர், கதவருகே நின்று வணக்கம் சொன்னார்.

வாகனத்தருகே வந்ததும் என் மகள் கேட்டாள்: “அப்பா, அந்தத் தம்பிக்கு ஒன்றும் கொடுக்கவில்லையா?”

கூலிக்காரனின் கூலியைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்தவன் நான். திரும்பிச் சென்று ஐம்பது ரூபாயை அவர் கையில் வைத்தேன். நடந்ததைச் சொல்லி வருந்தியபோது அவர் சிரித்தார். பில்லில் போடும் அந்தப் பணத்தில் தமக்கு எவ்வளவு வருகிறதென்று தமக்கே தெரியாது என்றார்.

சேவைக் கட்டணத்தை நான் இன்றும் நீக்கத்தான் சொல்கிறேன். அதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் புறப்படும்போதே ஓர் ஐம்பது ரூபாய்த் தாளைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்கிறேன். ஒரு குளிர்பானத்தை விட்டால் அது கிடைத்துவிடுகிறது.