டேப் இருக்கிறது, டிரைவ் எங்கே?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் ஏறினால், சரிவுகளில் மரவள்ளியும் சாமையும் கண்ணில் படும். அந்த நிலத்தில் பலவற்றுக்கு, உழுகிறவர் பெயரில் காகிதம் கிடையாது. காரணம் பழசு. 1970களின் நடுப்பகுதி வரை கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கீழ்நாட்டு ஊர்களைப் போல தாத்தா காலத்துப் பட்டாவை மலையாளி குடும்பங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது.

சரி, இதற்கும் டேப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் உரிமை கேட்கலாம். ஊர்ப் பெரியவர் வாக்குமூலம், ரசீது, வீடு, கிணறு எல்லாம் ஆதாரம். விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: செயற்கைக்கோள் படம். யாருக்கும் பயப்படாத, யாரிடமும் கையூட்டு வாங்காத சாட்சி!

அந்தச் சாட்சி ஆரம்பத்தில் குடியிருந்தது காந்த நாடாவில்தான். ஐதராபாத் அருகே ஷாத்நகர் நிலையம் 1979-ல் லேண்ட்சாட் தகவலைப் பிடிக்க ஆரம்பித்தது. 1988-ல் நம்முடைய ஐ.ஆர்.எஸ்.-1ஏ வந்தது. வானத்திலிருந்து கொட்டும் தகவலை முதலில் அதிஅடர்த்தி டேப்பில் பிடிப்பார்கள். அதை சாதாரண கணினி படிக்காது. அதனால் இன்னொரு டேப்புக்கு மாற்றித் தருவார்கள். அதன் பெயரே ‘கம்ப்யூட்டர் கம்பாட்டிபிள் டேப்’. பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அரை அங்குல ரீல்தான், ஆனால் அங்குலத்துக்கு 800, 1600, 6250 என்று மூன்று அடர்த்தி. 1600-க்கு மட்டும் செய்த டிரைவ் 6250-ஐப் படிக்காது. படித்துவிட்டாலும் தீரவில்லை. நிறப்பட்டைகளை வரி வரியாகக் கலந்து எழுதுவது ஒரு முறை, ஒவ்வொரு பட்டையையும் தனியாக எழுதுவது இன்னொரு முறை. எது என்று தெரியாமல் திறந்தால் மலை வராது, கோலம்தான் வரும்.

அது பழைய கதை, இப்போது எல்லாம் ஒரே தரம் என்று நினைப்பவர்கள் எல்.டி.ஓ. பட்டியலைப் பார்க்கலாம். ஐ.பி.எம்., எச்.பி., சீகேட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த பொதுத் தரம் இது, 2000-ல் சந்தைக்கு வந்தது. டிரைவ் தன் தலைமுறையையும் அதற்கு முந்தைய இரண்டையும் படிக்கும் என்பது ஏழாம் தலைமுறை வரை கணக்கு. எட்டாவது ஒரே ஒரு தலைமுறைதான் பின்னால் போகும். 2025-ல் வந்த பத்தாவது எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கு முன் பரவலாக இருந்த டி.எல்.டி.யும் அரை அங்குல நாடாதான், பெட்டியும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் ஒன்றை மற்றதில் போட முடியாது.

இதை மலையோடு பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி உரிமைப் பத்திரம் கொடுப்பதற்கு 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடு, 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் நீங்கியது. எட்டு வருஷம். 2008-ல் ஓர் அலுவலகம் அன்றைய புத்தம் புது எல்.டி.ஓ.-4 டேப்பில் படங்களைப் பதிந்து பீரோவில் வைத்திருந்தால், 2016-ல் வாங்கும் புது எல்.டி.ஓ.-7 டிரைவ் அதைப் படிக்காது. டேப்பில் ஒரு கீறல்கூட இருக்காது. 30 வருஷம் தாங்கும் என்று கம்பெனி சொன்னதும் பொய்யில்லை.

கணக்குப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று புரியும். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சர்வர் வகையறாவுக்குக் கொடுக்கும் ஆயுள் ஆறு வருஷம். புத்தகத்தில் டிரைவ் செத்த பிறகும் அதை நம்பியிருக்கும் கணக்குக்கு இரண்டு வருஷம் பாக்கி! மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று டிரைவைப் பழைய இரும்போடு ஏலம் விடுவார்கள். டேப் மட்டும் ‘பத்திரமாக’ இருக்கும். 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-வது பிரிவு, மின்னணுப் பதிவு பின்னால் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் டேப் வாங்குவதற்கு ஒதுக்கும் பணம் மூலதனச் செலவு, ஒரு தடவையோடு முடிந்தது. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை புது டேப்புக்கு மாற்றுவது மின்கட்டணம் மாதிரி வந்துகொண்டே இருக்கும் செலவு. அதற்குப் பட்ஜெட்டில் தலைப்பே இல்லையென்றால் யார் செய்வார்கள்?

மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் என்ன விலை என்பதற்கு நாசாவே உதாரணம். 1966-67-ல் லூனார் ஆர்பிட்டர் எடுத்த நிலவுப் படங்களின் டேப்கள் பத்திரமாக இருந்தன. ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 டிரைவ் தேவைப்பட்டது. தூக்கி எறியாமல் ஒரு பெண்மணி காப்பாற்றி வைத்திருந்த பழைய இயந்திரங்களைச் சரிசெய்து, 2008-ல்தான் படிக்க ஆரம்பித்தார்கள். காலத்தோடு செய்தால் கிடைக்கும் பலனும் கண்முன்னே இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பழைய லேண்ட்சாட் டேப்களைத் தலைமுறை தலைமுறையாக மாற்றிக்கொண்டே வந்து, 2008-ல் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும், படம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. லேண்ட்சாட்-5 படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். ஒரு ஏக்கர் சாமைக் கொல்லை நாலரைப் புள்ளிதான். செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையே தவிர மாற்று அல்ல என்று 2012 திருத்தம் சொன்னது சரியே. ஆனால் துணையாக நிற்கவாவது படம் திறக்க வேண்டுமே. டிரைவ் இல்லாத ஓர் அலுவலகம் விண்ணப்பத்தில் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘எங்களிடம் உள்ளதை எங்களால் படிக்க முடியவில்லை’ என்று எழுதட்டும். அந்த டேப்பைப் படிக்கிற கடைசி டிரைவை ஏலம் விடும் கோப்பில் கையெழுத்துப் போடும் முன், உள்ளே இருப்பதெல்லாம் புது டேப்புக்கு மாறிவிட்டது என்று ஒரு சான்றிதழும் கேட்கட்டும்.