அழுகைக்கும் ஒரு இடம் வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் ஒரு நாள். எமது உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் பாடம் நடக்கும்போதே காதில் இயர்போனைச் செருகியிருந்தான். நாம் என்ன செய்தோம்? வழக்கமாக எல்லோரும் செய்வதைத்தான். போனைப் பறித்தோம். "படிக்கிற வயசில பாட்டுக் கேக்குதோ" என்று எல்லோர் முன்னாலும் ஏசினோம். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாடசாலை விட்ட பிறகு போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என்ன பாட்டு மகன் அது?" என்று கேட்டோம்.

"பழைய இங்கிலீஷ் பாட்டு சேர். ரெண்டு பேர் பிரிஞ்ச பாட்டு."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. விசயம் நமக்கு விளங்கிவிட்டது.

அன்றிரவு அந்தப் பாட்டைத் தேடிப் பார்த்தோம். 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' என்று பெயர். 'பிளீட்வூட் மெக்' என்ற ரொக் இசைக்குழுவின் பாட்டு. பாட்டை விட அதன் கதைதான் நம்மை யோசிக்க வைத்தது.

அந்தக் குழுவில் ஸ்டீவி நிக்ஸ் என்ற பாடகியும் லிண்ட்சி பக்கிங்ஹாம் என்ற கிட்டார் கலைஞரும் காதலர்களாக இருந்தவர்கள். 1976 அளவில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஆனால் குழு உடையவில்லை. ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாட வேண்டிய நிலை. அந்தப் பிரிவைப் பற்றி ஸ்டீவி எழுதியதுதான் இந்தப் பாட்டு. 1977 இல் 'ரூமர்ஸ்' என்ற அவர்களின் இசைத்தட்டு வெளிவந்தது. உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் அதுவும் ஒன்று. அதில் இந்தப் பாட்டு இல்லை. "நீளம் கூடிவிட்டது, தட்டில் இடமில்லை" என்று கழற்றிவிட்டார்கள். முன்னாள் காதலர் தன் பங்குக்கு அதே பிரிவைப் பற்றி எழுதிய இன்னொரு பாட்டு, சிறிய தட்டொன்றின் முன்பக்கத்தில் வந்தது. இவருடைய பாட்டை அந்தத் தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். பின்பக்கத்தை யார் போட்டுக் கேட்பார்கள்?

1990களின் தொடக்கத்தில், தன் பாடல் தொகுப்பொன்றில் சேர்ப்பதற்கு அந்தப் பாட்டைத் தரும்படி அவர் கேட்டார். குழுவின் தலைவர் தரவில்லை. அந்தப் பிணக்கோடு அவர் குழுவை விட்டே வெளியேறினார். பிறகு 1997 இல் எல்லோரும் மீண்டும் ஒரே மேடையில் கூடினார்கள். அன்று அவர் அந்தப் பாட்டைப் பாடினார். பாட்டின் கடைசிப் பகுதியில் சபையை விட்டுத் திரும்பி, பக்கத்தில் கிட்டாரோடு நின்ற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே பாடினார். இருபது வருடங்கள் கழிந்தும் அந்தக் காயம் பச்சையாகவே இருந்தது. அந்தக் காட்சிதான் இன்று நம் பிள்ளைகளின் போன் வரைக்கும் வந்திருக்கிறது. இடமில்லை என்று கழற்றிவிட்ட பாட்டுத்தான் இன்று இரசிகர்கள் தேடித் தேடிக் கேட்கும் பாட்டு.

இசை கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். இந்தப் பதிவு அதைப் பற்றியதல்ல. நாம் சொல்ல வருவது இதுதான்: இடமில்லை என்று தள்ளிவிட்ட வேதனை செத்துப் போவதில்லை. எங்கோ ஒரு மூலையில் காத்துக் கிடக்கும்.

நம் வீடுகளில் நடப்பதும் அதுதானே? பிள்ளைக்கு மனம் உடைந்தால், "குடும்பத்திட மானம் போச்சு" என்கிறோம். போனை உடைக்கிறோம். ரியூசனை நிறுத்துகிறோம். மகள் என்றால் அவசரமாக ஒரு கலியாணத்தைப் பேசுகிறோம். மகன் என்றால் "ஆம்பிளப் புள்ள அழுறதா?" என்று கேலி செய்கிறோம். அழுவதற்கு வீட்டில் இடமில்லை, பாடசாலையிலும் இடமில்லை. அந்த நாளில் இடமில்லாமல் செய்தவர்களில் நாமும் ஒருவர்.

ஸஹீஹுல் புகாரியில் வரும் முகீத், பரீரா இருவரின் கதையை நாம் அறிவோம். பரீரா விடுதலை பெற்றபோது, அடிமையாக இருந்த கணவர் முகீதோடு தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீத் தாடியில் கண்ணீர் வழிய, அவர் பின்னால் அழுதுகொண்டு நடந்தார். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் முகீதை ஏளனம் செய்யவில்லை. அவர் இவரை இவ்வளவு நேசிப்பதையும் இவர் அவரை இவ்வளவு வெறுப்பதையும் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வியந்து பேசினார்கள். பரீராவிடம் முகீதுக்காகப் பரிந்தும் பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டும்தான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. விசயம் அத்தோடு முடிந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒரு ஆணின் கண்ணீரை யாரும் கேலி செய்யவில்லை. ஒரு பெண்ணின் முடிவை யாரும் மாற்றவும் இல்லை. நாம் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம்.

இரண்டாவது பாடத்தை நம் பையன்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டிய காலம் இது. அந்தப் பாட்டிலேயே ஒரு கோபம் இருக்கிறது. என் குரல் உன்னை விடாது என்கிற மாதிரியான கோபம். பாட்டில் அது பாட்டாகவே முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் அதையே செய்தால் குற்றம். வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்கு இரவு பகலாகக் கோல் எடுப்பது, பழைய படங்களை வட்சப் குறூப்பில் போடுவேன் என்று மிரட்டுவது, ரியூசன் வாசலில் காத்து நிற்பது, இதெல்லாம் காதலும் இல்லை, வேதனையும் இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடுவது. நம் மகனின் கையில் அப்படியொரு படம் இருந்தால் அதை அழிக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னுமொன்று. இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். நம் மூத்தம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முஸ்லிம் கிராமங்களில் கவி பாடாத வயல் இருந்ததா? காவல் பரணில் இருந்து மச்சான் பாடினார். பாய் இழைத்துக்கொண்டு மச்சி பாடினாள். கைவிட்டுப் போனவரைப் பற்றியும், வராத கடிதத்தைப் பற்றியும், கிளியையும் புறாவையும் தூது விட்டும் பாடினார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பாதி நம்மோடு மண்ணுக்குள் போயிருக்கும். நாலு வரிக் கவியில் மனப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, அடுத்த நாள் வேளாண்மையைப் பார்க்கப் போன சமூகம் நாம். இன்று பரணும் இல்லை, கவியும் இல்லை. பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது ஒரு இயர்போன் மட்டும்தான்.

அடுத்த நாள் அந்த மாணவனைத் தனியாக அழைத்தோம். எல்லோர் முன்னாலும் ஏசியது எமது பிழை என்று சொன்னோம். பின்னேரம் ஆத்தங்கரையில் போய் இருந்தோம். அவன் அரை மணித்தியாலம் பேசினான். நாம் பேசியது மிகக் குறைவு. அவனுடைய கவலை அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முன் வாங்கில் வந்து இருந்தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் போனைப் பறிக்க முந்த வேண்டாம். ஒரு கோப்பை தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருங்கள். வாப்பாமாருக்கு இது கஷ்டம் என்று தெரியும். பேச வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, இருந்தால் போதும். சாப்பாடும் நித்திரையும் இல்லாமல், வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், வைத்தியரைக் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சக ஆசிரியர்களுக்கும் நமக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: வகுப்பைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு பிள்ளையை அழவைக்க வேண்டாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.

உங்கள் வீட்டு மூத்தம்மாமாருக்குக் கவி தெரிந்தால் கேட்டு எழுதி வையுங்கள். கருத்துகளையும் பதியுங்கள், வாசிக்கிறோம்.