ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் காலி!

தமிழ் சினிமாவில் அரைத்து அரைத்துப் புளித்துப்போன ஜோக் இது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வருவார், வசனத்தைச் சொல்வார், தியேட்டர் சிரிக்கும். இதே வசனத்தை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அட்டவணை, வரைபடம் எல்லாம் போட்டு சீரியஸாகச் சொன்னால் எப்படி இருக்கும்? சொல்லியிருக்கிறார்கள். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான மருந்துச் சோதனைகளில்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒரு வகை கட்டுப்பாடில்லாமல் பெருகி, எதற்கும் உதவாத ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பதுதான் மைலோமா. எலும்பு அரிக்கும், சிறுநீரகம் கெடும், ரத்தசோகை வரும், தொற்றுநோய்கள் சுலபமாகத் தாக்கும். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருகிறது. மருந்தால் அடங்கும்; பலருக்குத் திரும்பத் திரும்ப வரும்.

அந்த வேண்டாத புரதத்தை ரத்தத்தில் அளந்துவிடலாம். இந்த வசதிதான் வரமும் சாபமும். புரதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். குறைந்தபட்ச அளவிலிருந்து 25 சதவீதம் (அதோடு ஒரு டெசிலிட்டருக்கு அரை கிராமாவது) ஏறிவிட்டால் 'நோய் முன்னேறிவிட்டது' என்று குறிப்பார்கள். சோதனையில் சேர்ந்த நாளிலிருந்து அதுவரை உள்ள காலத்துக்கு 'நோய் முன்னேறாத காலம்' என்று பெயர். கடந்த இருபது வருடங்களில் வந்த பெரிய மைலோமா சோதனைகளில் அநேகமானவை அளந்தது இதைத்தான். நோயாளி எவ்வளவு நாள் உயிரோடு இருந்தார் என்பது இரண்டாவது கேள்வி.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு, கவனியுங்கள். நோய் முன்னேறினாலும் சரி, நோயாளி இறந்தாலும் சரி, இரண்டும் 'ஒரு நிகழ்வு'. ரிப்போர்ட்டில் ஒரு எண் ஏறுவதற்கும் ஒரு மனிதர் சாவதற்கும் ஒரே எடை! எண் ஏறியவர் அடுத்த மருந்துக்கு மாறி இன்னும் பல வருடம் பேரன் பேத்தியோடு இருக்கலாம். செத்தவர் செத்தவர்தான்.

இதன் விளைவு 2019-ல் தெரிந்தது. பெல்லினி என்ற சோதனையில் 291 நோயாளிகள். எல்லோருக்கும் போர்டிசோமிப், டெக்ஸாமெதசோன் என்ற வழக்கமான மருந்துகள். அதற்கு மேல் 194 பேருக்கு வெனிடோகிளாக்ஸ், 97 பேருக்கு டம்மி மாத்திரை. நோய் முன்னேறாத காலம் டம்மி அணியில் 11.5 மாதம்; வெனிடோகிளாக்ஸ் அணியில் 22.4 மாதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பட்டாசு வெடிக்க வேண்டிய ரிசல்ட்.

ஆனால் இறந்தவர்களை எண்ணியபோது? வெனிடோகிளாக்ஸ் அணியில் 41 பேர், அதாவது 21.1 சதவீதம். டம்மி அணியில் 11 பேர், 11.3 சதவீதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த மார்ச்சில் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. புது நோயாளிகளைச் சேர்ப்பது நின்றது. குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த மருந்து பயன்படலாம் என்ற கருத்து பிறகும் இருந்தது. அது வேறு விஷயம். சோதனையில் சேர்ந்தவர்களை அப்படிப் பிரித்துச் சேர்க்கவில்லையே.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்து என்பீர்களா? மெல்ஃப்ளுஃபென் கதையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில், ஒப்பிட்டுப் பார்க்க எதிரணியே இல்லாத ஒரு சோதனையை நம்பி எஃப்.டி.ஏ. இதற்கு அவசர அனுமதி கொடுத்தது. ஓஷன் என்ற ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு அதே வருடம் வந்தது. நோய் முன்னேறாத காலம் மெல்ஃப்ளுஃபெனுக்கு 6.8 மாதம், போமாலிடோமைடுக்கு 4.9 மாதம். ஜெயித்துவிட்டது! உயிர் வாழ்ந்த காலம்? மெல்ஃப்ளுஃபெனுக்குச் சுமார் 20 மாதம், தோற்ற மருந்துக்கு 25 மாதம். புள்ளியியல்படி இந்த இரண்டாவது வித்தியாசம் அடித்துச் சொல்லக்கூடியது அல்ல, உண்மைதான். ஆனால் உயிரைக் காப்பாற்றியதற்கு அறிகுறி எங்கே? ஜூலையில் எச்சரிக்கை, அக்டோபரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து வாபஸ். 2024 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அனுமதியை முறைப்படி ரத்து செய்தது.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. "மைலோமா நோயாளிகள் இப்போது முன்பைவிட வெகுகாலம் வாழ்கிறார்கள். மரணத்தை எண்ணித்தான் முடிவு என்றால் ஒரு சோதனைக்குப் பத்து வருடம் ஆகும். அதுவரை நல்ல மருந்து கிடைக்காமல் சாகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?" நியாயமான கேள்வி. 1999-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில், வேறு வழி தீர்ந்துபோன 84 பேருக்கு தாலிடோமைடு கொடுத்துப் பார்த்ததாக ஆய்வுக்கட்டுரை வந்தது. 1961-ல் குழந்தைகளின் ஊனத்துக்குக் காரணமாகி விரட்டப்பட்ட அதே தாலிடோமைடு! ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் புரத அளவு இறங்கியது. அங்கேயும் எதிரணி கிடையாது. அந்தச் சின்னச் சோதனையிலிருந்துதான் லெனாலிடோமைடு, போமாலிடோமைடு வரை ஒரு புது மருந்துக் குடும்பத்துக்கே வழி பிறந்தது.

ஆக, சீக்கிரம் தெரியும் அளவுகோல் வேண்டும். யாரும் மறுக்கவில்லை. கேள்வி அதுவல்ல. சீக்கிரம் தெரிவதை மட்டும் பார்த்துவிட்டு, மெதுவாகத் தெரிவதைப் பார்க்காமலே நடையைக் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

இப்போது இன்னும் வேகமான அளவுகோல் வந்திருக்கிறது. லட்சம் செல்களில் ஒரு புற்றுச்செல் இருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனை. எதுவும் தென்படவில்லை என்றால் 'மிச்சநோய் இல்லை' என்பார்கள். இதை வைத்தே அவசர அனுமதி தரலாம் என்று 2024 ஏப்ரலில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 12-0 என்று வாக்களித்தது. ஒரு எதிர் ஓட்டுகூட இல்லை! ஆனால் பெல்லினியில் மிச்சநோய் இல்லாத நிலையை அடைந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெனிடோகிளாக்ஸ் அணியில் 13 சதவீதம், டம்மி அணியில் 1 சதவீதம். வீட்டைச் சுத்தமாகப் பெருக்கிய அணியில்தான் சாவு அதிகம். கூடுதல் மரணங்கள் பலவற்றில் நோய்த்தொற்றின் கை இருந்தது. அளவுகோல் புற்றைப் பார்த்தது, மருந்து மனிதரை என்ன செய்தது என்று பார்க்கவில்லை.

உயிர்களை எண்ணினால் நல்ல மருந்துகள் தோற்றுவிடும் என்று பயப்படவும் வேண்டாம். கார்டிட்யூட்-4 என்ற சோதனையில், நோயாளியின் சொந்த டி-செல்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை. முதல் சில மாதங்களில் அந்த அணியில்தான் மரணம் அதிகம். அதை மூடி மறைக்காமல் 2024 மார்ச்சில் திறந்த கூட்டத்தில் விவாதித்தார்கள். தொடர்ந்து எண்ணினார்கள். அதே வருடம் வந்த நீண்டகால முடிவில், மரண ஆபத்து 45 சதவீதம் குறைந்திருந்தது. எண்ணியதால்தான் அந்த மருந்தின் மரியாதை கூடியது.

ஆகவே கேட்கவேண்டியவை மூன்றே மூன்று. ஒன்று, எந்த அளவுகோலால் அனுமதி வாங்கினாலும், மரணக் கணக்கை ஆரம்பத்திலிருந்தே எண்ணி, ஒளிக்காமல் வெளியிடவேண்டும். (எல்லா ஒப்பீட்டுச் சோதனைகளிலும் இதைப் பார்க்கச்சொல்லி 2025 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. வழிகாட்டுதல் சட்டம் ஆகாது என்பதை நினைவில் வைக்கவும்.) இரண்டு, அவசர அனுமதி கொடுக்கும் நாளில் எதிரணியுள்ள சோதனை ஏற்கனவே நடந்துகொண்டிருக்கவேண்டும். மூன்று, கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில், "இந்தச் சோதனை உங்கள் ஆயுள் நீளுமா என்பதை முதன்மையாக அளக்கவில்லை" என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒரு வரி இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் நடப்பதற்கு இங்கே ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்ற சிலவகை மருந்துகளுக்கு இந்தியாவில் தனிச் சோதனை தேவையில்லை என்று விலக்கு தரலாம். செல் சிகிச்சைகளும், இருப்பதைவிடக் கணிசமாக மேலானவை என்று கருதப்படும் புது மருந்துகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கணிசமாக மேல் என்று எந்தத் தராசில் நிறுத்துச் சொல்வார்கள்? அங்கே பிடித்த அதே தராசில்தான். அது கோணலாக இருந்தால் இங்கேயும் எடை தப்பும்.

சோதனைக்குக் கையை நீட்டுகிறவர் ஒரு எண்ணைக் குறைக்க வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கவேண்டும் என்று வருகிறார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத சோதனை, எத்தனை வரைபடம் போட்டாலும், அந்தப் பழைய சினிமா ஜோக்தான்.