கையைக் கட்டிக்கொண்டு உதவி செய்யுங்கள்

வயசானவர்களுக்கு நம் வீடுகளில் காட்டும் முதல் மரியாதை, அவர்களை எழுந்திருக்க விடாமல் உட்கார வைப்பதுதான். தண்ணீர் எடுக்க எழுந்தால், "நீங்க இருங்க தாத்தா, நான் கொண்டாரேன்" என்று பேரன் ஓடுகிறான். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினால் மருமகள் வந்து மாட்டிவிடுகிறாள். எல்லாம் பாசம்தான். எனக்கு 74 வயது ஆகிறது. அந்த உபசாரத்தின் சுகம் எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு வேலையை ஆறு மாதம் நமக்காக இன்னொருவர் செய்துவிட்டால், ஏழாவது மாதம் அந்த வேலை நமக்கே வராது.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோய் எதுவும் இல்லாத, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த வயதானவர்கள் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். 10 நாள் முடிவில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நல்லா இருந்தவர்களுக்கே இந்தக் கதி. காய்ச்சலோ ஆபரேஷனோ முடிந்து வீட்டுக்கு வந்து, "ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

என் மதினியைத்தான் நினைக்கிறேன். அண்ணன் காலமானபின் பாளையங்கோட்டை வீட்டில் தனியாகத்தான் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. வீட்டுக்குப் போனபின் என்றைக்கு எழுந்து அடுப்படிக்குப் போகலாம், யார் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

மகன் பெங்களூரில். ஏஜென்சி மூலமாக இரவும் பகலும் கூடவே இருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தான். நல்ல பெண், பொறுமைசாலி. படுக்கையிலேயே பல் தேய்த்துவிட்டு, உடம்பைத் துடைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து ஊட்டியும் விட்டாள். ராத்திரி கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப்போவது ஆபத்து என்று டயப்பர் போட்டார்கள். மதினிக்கு அடக்க முடியாமல் இல்லை. கூப்பிட்டால் எழுப்பி நடத்த வேண்டுமே என்பதுதான் காரணம். மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் நாலடி வைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று. மகன் முதியோர் இல்லங்களை விசாரிக்க ஆரம்பித்தான். வீட்டை விற்பது பற்றியும் பேச்சு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் மூலமாக ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். காலைத் தூக்கு, கையை நீட்டு என்று தொடங்குவாள் என்று நினைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, எந்த வேலைய நீங்களே செஞ்சா நல்லாருக்கும்னு தோணுது?" என்று கேட்டாள். மதினி யோசிக்கவே இல்லை. "காலையில என் காப்பிய நானே போட்டுக் குடிக்கணும்மா" என்றார்கள்.

அந்தக் காப்பிதான் பாடத்திட்டமே. முதல் வாரம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, பல்லைத் தானே தேய்ப்பது. அடுத்தது வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பது. அப்புறம் அடுப்படி வாசல் வரைக்கும் நடை. கட்டில் தாழ்வாக இருந்ததால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி வைத்தோம். மேல் தட்டில் இருந்த காப்பித்தூள், சீனி டப்பா எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. வேலைக்கு இருந்த பெண்ணுக்கும் தனியாக ஒரு பாடம் நடந்தது: "கை எட்டுற தூரத்துல நில்லு. விழப்போனா மட்டும் பிடி. மத்த நேரம் கையைக் கட்டிக்கோ." அவளுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு கிழவி பால் பாக்கெட்டை வெட்ட ஐந்து நிமிஷம் தடுமாறுவதைச் சும்மா நின்று பார்ப்பது எளிதா என்ன?

ஏழாவது வாரம் மதினி காப்பி போட்டார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளிக்க இன்றைக்கும் ஆள் வேண்டும். சேலை கட்டுவதை விட்டு நைட்டிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் டயப்பர் போய்விட்டது. ஆள் காலையில் இரண்டு மணி நேரம் வந்தால் போதும். வீடு விற்கும் பேச்சு இல்லை.

அந்தப் பெண் செய்ததற்கு மேல்நாட்டில் 'ரீஏபிள்மென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முடியாமல் போனதை மறுபடி முடிய வைப்பது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். டென்மார்க்கில் ஃபிரெடெரிசியா என்ற நகராட்சி 2008-இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு முதியவர் வீட்டுவேலைக்கு உதவி கேட்டால், ஆள் அனுப்பிக் கூட்டிப் பெருக்கித் துடைத்துக் கொடுப்பார்கள். அந்த உதவி பெரும்பாலும் ஆயுள் வரைக்கும் தொடரும். புது முறையில் முதல் கேள்வியே மாறிவிட்டது. "உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும்?" என்று கேட்காமல், "நீங்களே எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். சில வாரம் வீட்டிலேயே பயிற்சி கொடுத்து, அதற்கப்புறமும் முடியாததற்கு மட்டும் ஆள் அனுப்பினார்கள். 2015-இல் இது அந்த நாட்டுச் சட்டத்திலேயே ஏறியது. இங்கிலாந்திலும் 2014-ஆம் வருஷத்துப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தேவைப்படுபவர்களுக்கு ஆறு வாரம் வரை இந்தப் பயிற்சி இலவசம்.

ஆறு வாரம் என்பதைக் கவனியுங்கள். இது முடிவு தேதி உள்ள உதவி. நம் ஊர் ஏற்பாட்டில் முடிவு தேதியே கிடையாது. ஏஜென்சிக்கு நாள் கணக்கில் பணம். பாட்டி தானே எழுந்து நடந்துவிட்டால் அவர்களுக்கு வருமானம் போகிறது. அவர்களை வில்லன்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஆள் தேவைப்படாமல் போக வேண்டும் என்று உழைப்பவர் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. குடும்பம்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும். குடும்பமோ பாசத்தில் உட்கார வைத்துவிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் காக்ரேன் அமைப்பு இந்த முறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தரத்தில் தேறியவை இரண்டுதான். அவற்றை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். செலவைக் குறைக்க அரசாங்கங்கள் கண்டுபிடித்த வழி இது என்ற விமர்சனமும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 'பயிற்சி கொடுத்தாயிற்று, இனி உன் பாடு' என்று கைகழுவ இது சாக்காகிவிடக் கூடாது. மறதி நோய் முற்றியவர்களையும் கடைசி நாட்களில் இருப்பவர்களையும் எழுந்து நட என்று படுத்தவும் கூடாது. அவர்களுக்கு வேண்டியது தாங்கிப் பிடிக்கும் கை. யாருக்கு எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

"விழுந்துட்டா யார் பாக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் நடக்காத கால் இன்னும் பலவீனமாகிறது. பலவீனமான கால்தான் சீக்கிரம் விழுகிறது. "இந்த வயசுல வேலை வாங்குதாங்க பாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். நம்மைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக அவர்கள் வரப்போவதில்லை.

அரசாங்கத்திடம் கேட்க ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தருகிறார்கள். ஆக, வீட்டு வாசல் வரைக்கும் வழி போட்டாயிற்று. அந்த வழியிலேயே இன்னும் ஒன்றும் வரலாம். 60 வயது தாண்டியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால், ஆறு வாரத்துக்கு வீட்டு வேலைகளை வைத்தே பயிற்சி. வீட்டில் கவனிப்பவருக்கும் கூலிக்கு வரும் பெண்ணுக்கும் சேர்த்துப் பாடம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, எந்த வாரம் எதைத் தானே செய்யப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி. புதுக் கட்டடம் எதுவும் இதற்கு வேண்டாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, "எப்போ எழுந்து நடக்கலாம், எதைச் செய்யக் கூடாது?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆள் வைப்பதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், முடிந்ததை நானே செய்வேன், நீ பக்கத்தில் நில் என்று. உங்களுக்கு எந்த வேலை முக்கியம் என்பதையும் இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். மதினிக்குக் காப்பி. எனக்குத் தானே சவரம் செய்துகொள்வதும், தெருமுனைக் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருவதும். மருமகளிடம் சொல்லிவிட்டேன். சிரித்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் பேப்பர் வாங்கப் பேரனை அனுப்பவில்லை.